தட்டினால் திறக்காத ஆள்

நான்காம் அறையில் அன்று காலை இருந்தவர்கள்:

நாச்சிமுத்து. லாரி டிரைவர். கட்டிலில், தலையில் உணரித் தொப்பியோடு.

பூங்கொடி. அவர் மனைவி. மடியில் ஒயர்கூடை, கூடையில் யாரும் தொடாத இட்லி.

தர்ஷிகா. மகள், பன்னிரண்டாம் வகுப்பு. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

கந்தப்பன். நாச்சிமுத்துவின் முதலாளி. சிகிச்சைச் செலவு அவருடையது, அதனால் ஜன்னலோர நாற்காலியும் அவருடையது.

குழந்தைவேலு. அதே கம்பெனியில் டிரைவர். போன வருடம் இதே கட்டிலில் படுத்துக் குணமாகி எழுந்தவர். குணமாகும் என்பதற்குச் சாட்சியாக அவரை முதலாளி கூட்டி வந்திருந்தார்.

டாக்டர் இவாஞ்சலின். நாமக்கல் பைபாஸில் இந்த மையத்தை நடத்துபவர்.

கடைசியாக நான், கேசவன். கருவியை ஓட்டுபவன். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடத்தோடு நின்றுபோனவன். என் ஷிப்டு இரவு ஷிப்டு. பகல் ஆள் வராததால் காலையிலும் அங்கே இருந்தேன்.

இத்தனை பேரில் ஒருவரைத்தான் கருவி போதை மருந்து என்று நினைத்துக்கொண்டது. கருவி தப்பாக நினைத்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அது மருந்தில்லாத மூன்றாம் நாள். ஓயாத கொட்டாவி. மூக்கும் கண்ணும் ஒழுகின. இறகு பிடுங்கிய கோழியின் தோல் மாதிரி கை முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது. கால்கள் தாமாக உதறின. வடக்கே தாபாக்களில் டீயில் கலந்து தரும் கசகசாக் காய்த்தோல் பொடியில் ஆரம்பித்து, வலி மாத்திரைக்கு வந்து, ஊசியில் முடிந்த ஆள். இரண்டு தடவை நிறுத்தப் பார்த்து இரண்டு தடவையும் தோற்றவர்.

"டாக்டரம்மா, இது ஒருக்காச் செஞ்சாப் போதுமில்லீங்க? மறுபடி திரும்பாதுங்களே?" என்றார் கந்தப்பன்.

"அவருக்கு நான் சொல்லணும். நீங்களும் கேளுங்க," என்று டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "நாச்சிமுத்து, மூளையில ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் நடுவுல இணைப்பு இருக்கு. ரோடுன்னு வெச்சுக்கங்க. நீங்க முதல்ல அதைக் குடிச்சப்ப அது மண்ரோடு. வருஷக்கணக்கா அதுலயே போனீங்க. தார் போட்டாச்சு, நாலு வழி ஆக்கியாச்சு. மத்த ரோடெல்லாம் ஆள் போகாம முள்ளு முளைச்சுப் போச்சு."

"டோல்கேட்டும் வெச்சுட்டாங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. பல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, வெச்சாச்சு. நிறுத்திட்டா ரோடு தானா மூடிக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. மூடாது. நிறுத்தின இந்த வாரத்துலதான் மூளை ரொம்ப வேலை பார்க்குது. புதுசு புதுசா கிளை போடும். ஆரம்பத்துல அந்தக் கிளையெல்லாம் ஊமை, அதுல எதுவும் ஓடாது. கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ஓட ஆரம்பிக்கும். மாசக்கணக்கா சுத்தமா இருந்தவன் திடீர்னு ஒரு தாபா போர்டைப் பார்த்ததும் விழறது அதனாலதான். இப்ப அது எல்லாம் இளசு. இந்த வாரத்துல களையெடுத்துட்டா வராது."

களையெடுப்பு. மையத்துக்கு வெளியே போர்டிலும் அதே சொல்தான்.

"எப்புடிங்க எடுப்பீங்க?" என்றாள் தர்ஷிகா.

"சாயம் ஒண்ணு ஏத்துவோம். அப்பாவுக்கு அந்த ஏக்கத்தை நாங்களே வரவெப்போம். அந்த நேரத்துல எந்த இணைப்பு வேலை செய்யுதோ அதுல மட்டும் சாயம் ஒட்டும். அப்புறம் தொப்பியிலிருந்து வெளிச்சம். சாயம் ஒட்டினது உதிரும். ஒட்டாதது அப்படியே இருக்கும்."

"ஞாபகம் போயிருமுங்ளா?" பூங்கொடி கேட்டார்.

"ஞாபகம் போகாதும்மா. இழுப்பு போகும்."

"அது போனாப் போதுமுங்க."

குழந்தைவேலு கதவருகே கைகட்டி நின்றிருந்தார். கந்தப்பன் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். "சொல்றா. எப்புடி இருக்குதுன்னு சொல்லு."

"நல்லா இருக்குதுங்க. மருந்து வேணும்னு தோணறதில்லைங்க."

"பாத்தியா நாச்சி? ரோட்டுல பச்சத்தண்ணி மாதிரி ஓட்டறான். ஒரு உரசல் இல்ல, ஒரு லீவு இல்ல."

சாயம் ஏற்றும் முன் ஒரு ஒத்திகை உண்டு. நோயாளியின் காதில் ஹெட்போனை வைத்து, அவர்களுக்குள் புழங்கும் தூண்டுசொல்லைப் போடுவோம். ஏக்கம் எங்கே எழுகிறது என்று திரையில் மஞ்சளாகத் தெரியும். இந்தக் கம்பெனி டிரைவர்களிடமிருந்து நாங்கள் வாங்கி வைத்திருந்த தூண்டுசொல் ஒன்றே ஒன்றுதான். முதலில் வந்தவர் சொன்னார், அடுத்து வந்தவரும் அதையே சொன்னார், அதற்கப்புறம் டாக்டர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பொத்தானை அழுத்தினேன். நாச்சிமுத்துவின் கால் விறைத்தது, எச்சில் விழுங்கினார், திரையில் மஞ்சள் பரவியது. பட்டையான, சுத்தமான மஞ்சள். டாக்டர், "நல்லா வருது. நிறுத்துங்க," என்றார். நிறுத்தினேன். திரை கறுத்தது.

நாச்சிமுத்துவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. பூங்கொடி அதைப் பார்த்தார்.

"பாப்பா, அந்தத் துண்டை எடுத்து அப்பாவுக்குத் தொடைச்சு வுடு."

திரை முழுக்க மஞ்சள்.

"கேசவன், நிறுத்தலையா?"

"நிறுத்திட்டேன், டாக்டர்." ஹெட்போன் இணைப்பையே கழற்றிக் காட்டினேன்.

தர்ஷிகா துண்டோடு நின்றாள். அவள் பார்வை அப்பாவிடம் இல்லை, திரையில் இருந்தது. "அது என்னங்க மஞ்சளா வந்துட்டுப் போச்சு?"

"ஏக்கம்மா," என்றார் டாக்டர்.

"எதுக்கு? நான் துண்டுதான எடுத்தேன்." அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, மறுபடி கூப்புடு."

"எதுக்குடி?"

"கூப்புடும்மா."

"பாப்பா."

மஞ்சள். அதே பட்டை, அதே இடம்.

தர்ஷிகா என்னிடம் வந்தாள். "சார், அந்த ஹெட்போன்ல என்ன வார்த்தை போட்டீங்க?"

"சொல்லாதீங்க சார்," என்றார் நாச்சிமுத்து.

அப்படிச் சொன்னதே போதுமாக இருந்தது. மீதியைக் குழந்தைவேலு சொன்னார். நேரம் கேட்டால் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"பாப்பான்னா மாத்திரை. கேபின்ல மைக் இருக்குதில்ல? மாத்திரைன்னா கம்பெனிக்குக் கேட்டுரும். பாப்பான்னா எவன் சந்தேகப்படுவான்? பாப்பாவுக்குக் காய்ச்சல்னா சரக்கு இல்லைன்னு அர்த்தம். பாப்பா அழுகுதுன்னா உடனே வேணும். பாப்பா வந்துருச்சான்னா வந்துருச்சான்னு அர்த்தம்."

கந்தப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அடப்பாவிகளா! நான் அந்த ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு எங்க வீட்டுல சொல்லுவேனேடா, நம்ம டிரைவருங்க ஊரு தாண்டுனாலும் புள்ளையவே விசாரிக்கறானுக, என்னா பாசம் பாருன்னு! உங்களையெல்லாம் பாத்து நானே ரெண்டு தடவ பேத்திக்குப் போன் போட்டேன்!"

பூங்கொடி சிரிக்கவில்லை. "ஏனுங்க. அன்னிக்கு வாசல்ல நின்னுட்டு எவன்கிட்டயோ 'பாப்பா அழுகுது, சீக்கிரம் வா'ன்னீங்களே. இவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நான் உள்ள ஓடுனேன். இவ பாட்டுக்குக் கணக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தா. 'எதுக்கும்மா இப்புடி மூச்சு வாங்குது'ன்னு என்னையக் கேட்டா."

நாச்சிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எல்லாரும் வெச்ச பேரு இல்லீங்க. என்னால வந்த பேரு. இவ பொறந்தப்ப நான் குவாலியர் தாண்டி ஒரு தாபாவுல இருந்தேன். போன்ல சேதி வந்துச்சு. சந்தோசத்துல என்ன பண்றதுன்னு தெரியல. தாபாக்காரன் ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தான். அதுதான் மொதத் தடவை. பாப்பா வந்துருச்சு, பாப்பா வந்துருச்சுன்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சேன். கூட இருந்தவனுக அதையே பேராக்கிட்டானுக. அப்பறம் இவ நெனப்பு வந்தாக் குடிப்பேன். குடிச்சா இவ நெனப்பு வரும்."

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்ஷிகா குழந்தைவேலுவிடம் போய் அவர் மகளைப் பற்றிக் கேட்டாள். "மாமா, சௌமி எப்புடி இருக்கா?"

"இருக்குது."

"வீட்டுல அவளப் பாப்பான்னுதான கூப்புடுவீங்க?"

"முன்ன கூப்புட்டேன். இப்பப் பேர் சொல்லிக் கூப்புடறேன். பேர் இருக்குதில்ல."

"அவ கபடியில கப்பு வாங்குனப்ப எல்லாரு வீட்டுலயும் வந்திருந்தாங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுகிட்டத்தான் வண்டிய நிறுத்தியிருந்தீங்களாம். வேலையா?"

"வேலையில்ல. வரணும்னு தோணல."

"அவ அழுதா, மாமா."

"ஆமா. பாத்தேன்."

கந்தப்பன்தான் வாயைத் திறந்தார். "பொங்கலுக்குக்கூட வீட்டுக்குப் போகணும்னு கேக்கல, திருந்திட்டான்னு நெனச்சனே..." வாக்கியத்தை முடிக்காமல் உட்கார்ந்தார்.

"இவருக்கு ஏக்க அளவு பூஜ்யம்னு வந்தது," என்றார் டாக்டர். "ஒவ்வொரு மாசமும் பார்த்தேன். பூஜ்யம். எதுக்கான ஏக்கம்னு நான் கேக்கவே இல்லை." குரல் மாறவில்லை, ஆனால் கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "இந்தச் சொல்லை வெச்சு யாருக்கெல்லாம் செஞ்சேனோ அத்தனை பேர் வீட்டுக்கும் நான் போகணும்."

"வேற வார்த்தை போட்டுச் செய்யுங்க," என்றார் கந்தப்பன். "ஊசின்னு போடுங்க. தாபான்னு போடுங்க."

"சொல் வெறும் சாவிதான். எந்தச் சாவியைப் போட்டாலும் உள்ளே இவருக்கு ஒரே வீடு. மருந்தும் மகளும் ஒண்ணாவே வளர்ந்திருக்கு. மருந்தை எடுத்தா அவளும் சேர்ந்து போயிடுவா. அவளை விட்டா மருந்தும் தங்கிடும்."

"அப்ப செஞ்சுருங்க," என்றாள் தர்ஷிகா.

நாச்சிமுத்து திரும்பினார். "கண்ணு, சும்மா இரு."

"நீ சும்மா இருப்பா. செய்யுங்க டாக்டர். போன மாசம் பாத்ரூம்ல நீலமாக் கெடந்தாரு. தாப்பாள ஒடைச்சது நான். மூச்சு இருக்குதான்னு மூக்குல கை வெச்சுப் பாத்ததும் நான். எம்மேல பாசமா இருந்துட்டே செத்துப் போறதுக்குப் பாசமில்லாம உசுரோட இருக்கட்டும். சௌமிக்காவது அப்பான்னு ஒருத்தரு வீட்டுல சோறு திங்கறாரு."

"அடியேய்," என்றார் பூங்கொடி. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. கூடையைத் திறந்தார், இட்லியைப் பார்த்தார், மூடினார்.

தர்ஷிகா என்னைப் பார்த்தாள். ஏன் என்னை என்று தெரியவில்லை. குழந்தைவேலுவைத் தவிர மற்ற எல்லோரும் அழுகிற மாதிரி இருந்தார்கள், நான் அப்படி இல்லை என்பதாலோ என்னவோ.

"சார், இதச் செஞ்சுட்டு நல்லா இருக்கறவங்க யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குச் செஞ்சிருக்காங்க," என்றேன்.

டாக்டருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது புதிது.

"காலேஜ்ல இருந்தப்ப ஊசி. அதான் படிப்பு நின்னுச்சு. இந்த மெஷின் வந்த புதுசுல நான் படுத்தேன். அதுக்கப்புறம் தொடலை. தொடணும்னு தோணினதும் இல்லை."

"என்ன போச்சு?"

"அம்மா."

"செத்துட்டாங்களா?"

"இல்ல. திருச்சியில இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க." முழுதாகச் சொன்னால்தான் அவளுக்குப் பயன்படும் என்று தோன்றியது. "நான் ரூம் கதவைப் பூட்டிக்கிட்டுப் போடுவேன். அம்மா வெளியே நின்னு தட்டுவாங்க. தினமும். ஊசி ஏறும், கதவு தட்டும். ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. மெஷினுக்கு நான் குடுத்த தூண்டுசத்தம் அதுதான். கதவு தட்டற சத்தம். எடுத்தப்ப ரெண்டும் போயிடுச்சு."

"இப்ப?"

"இப்ப யாராவது தட்டினா, தட்டறாங்கன்னு தெரியும். எழுந்து போன்னு உள்ளே எதுவும் சொல்லாது. தட்டினாத் திறக்கணும்கறதை யோசிச்சு, முடிவு பண்ணி, எழுந்து போகணும். அம்மா தட்டினாலும் அப்படித்தான்."

"தெறப்பீங்களா?"

"பெரும்பாலும்."

"கஷ்டமா இருக்குதுங்ளா?"

"இல்ல. அதைத்தான் சொல்றேன்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். கடையில் எடுத்த துணியைத் திருப்பிப் பார்ப்பது மாதிரி. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். நாச்சிமுத்து அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக் கழற்றினார். நாடா காதில் சிக்கியது. இழுத்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"எனக்கு வேண்டாமுங்க."

"நாச்சி," என்றார் கந்தப்பன், "முழுசாக் களையெடுத்த சர்ட்டிபிகேட் இல்லாம லைசென்ஸ் திரும்ப வராது. ரூல் அப்புடி. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. கோழிப்பண்ணைக்குப் போய் முட்ட பொறுக்கறேன்."

"நீயா? ஓரெடத்துல அரை மணி நேரம் நிக்க மாட்டியேடா. கோழி உன்னப் பாத்து முட்ட போடறத நிறுத்திரும்."

"அப்ப வேற எதாச்சும் பண்றேனுங்க. நெஞ்சுல இவளுக்குன்னு ஒரு நோவு இருக்குதுங்க. அது போச்சுன்னா நான் எதுக்குங்க இத நிறுத்தோணும்? யாருக்காக நிறுத்தறேன்? கொழந்தவேலு மாதிரி நானும் ஓட்டிட்டே இருக்கவா?" குழந்தைவேலுவைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதடா."

"இல்ல," என்றார் குழந்தைவேலு. அவர் தப்பாக நினைக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

தர்ஷிகா வாதாடவில்லை. வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். துண்டை நான்காக மடித்துக் கட்டில் கம்பியில் போட்டாள். "சரி. அப்ப வேற வழி என்னங்க, டாக்டர்?"

"பழைய வழிதான். மெதுவான வழி. பெரிய ரோடு மூடாது, அதுக்குப் பக்கத்துல வேற ரோடு போடணும். அளவா மாத்து மருந்து தருவோம், வருஷக்கணக்கா வந்து போகணும். வழுக்குவாரு, தூக்கி விடணும். ஆனா அந்த மருந்தை ஆரம்பிச்சு உடம்பு பிடிக்கிற வரைக்கும், இந்த வாரத்தை, அவர் உள்ளே இருந்து தாண்டணும்."

"அங்கதானுங்க ரெண்டு தடவையும் தோத்தேன்," என்றார் நாச்சிமுத்து. "மொதத் தடவை இவ அம்மா கதவத் தெறந்து வுட்டா. போன தடவை வீட்டுல ரூம்ல பூட்டுனாங்க. நான் தட்டுனேன். பாப்பா, தெற சாமின்னு கூப்புட்டேன்."

"நீ அப்புடிக் கூப்புட்டா எப்புடிப்பா தெறக்காம இருக்கறது?" என்றாள் தர்ஷிகா. குரல் முதல் தடவையாக உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். பாத்ரூம் சம்பவத்துக்கு முன்னால் பூட்டின கதவைத் திறந்தது அவள்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து அவள் எதைச் சுமந்துகொண்டு நின்றாள் என்பதும்.

"அன்னிக்கு நான் கூப்புட்டது உன்னையா, மாத்திரையையான்னு எனக்கே தெரியல, கண்ணு."

"ரெண்டும் ஒரே ரோடுன்னு டாக்டர் சொல்றாங்கல்ல. அப்ப சரி. இந்தத் தடவை நான் கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன். நீ பாப்பான்னு கூப்புடு. எத்தன தடவ வேணாலும் கூப்புடு. ஒவ்வொரு தடவையும் 'இருக்கேன்ப்பா'ன்னு சொல்லுவேன். மாத்திரை வராது, நாந்தான் வருவேன். கூப்புட்டுக் கூப்புட்டு அந்த ரோட்டுக்கே தெரியட்டும், அதுல இனி ஒரு வண்டிதான் வரும்னு."

"அது வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர்.

"உங்க மெஷின் என்ன செய்யும்னு மட்டும் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

டாக்டர் அதை வாங்கிக்கொண்டார். "ஆறாம் ரூமுக்கு வெளிப்பூட்டு இருக்கு," என்றார். "ஆனா என் நிபந்தனை கேளுங்க. வலிக்கும் வாந்திக்கும் நான் தர்ற மருந்தை வேண்டாம்னு சொல்லக் கூடாது. காலையும் சாயங்காலமும் நானே உள்ளே வருவேன். அப்ப என் முகத்தைப் பார்த்து, நிதானமா, வெளியே போகணும்னு நீங்க சொன்னா நான் விட்டுத்தான் ஆகணும். உங்களை அடைச்சு வைக்க எனக்கு உரிமை கிடையாது. நடுவுல தட்டினாத் திறக்க வேண்டாம்னு நீங்களா கேக்கறீங்க, அதனால மட்டும்தான் பூட்டறேன்."

"நானாத்தானுங்க கேக்கறேன்."

"சாவியை நர்ஸ்கிட்ட குடுத்துடறேன்."

"ஐயோ, வேண்டாமுங்க. நர்சம்மா எரக்கப்பட்டுருவாங்க. நான் பேசிப் பேசியே தெறக்க வெச்சுருவேன். காசில்லாம எத்தன டோல்கேட் தாண்டியிருக்கேன் தெரியுமுங்ளா? இவகிட்டயும் வேண்டாம், இவ அம்மாகிட்டயும் வேண்டாம்."

"எங்கிட்டக் குடுங்க," என்றார் கந்தப்பன். லைசென்ஸ் பேச்சை விட்டுவிட்டார் என்பது அந்த இரண்டு வார்த்தையில் தெரிந்தது.

"உங்களுக்கு இளகுன மனசு, மொதலாளி. ரெக்கார்டக் கேட்டே பேத்திக்குப் போன் போட்ட ஆளு நீங்க."

தர்ஷிகா மறுபடி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை ஏன் என்று எனக்குத் தெரிந்தது.

"சார், உங்களுக்குத் தட்டுனா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்கள்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"அழுதாலும்?"

"கேக்கும். அவ்வளவுதான்."

"இந்த வாரம் பூரா இங்கயே இருக்க முடியுமுங்ளா? பகல்லயும்?"

எனக்குப் போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. "இருக்கேன்," என்றேன். டாக்டர் ஆறாம் அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

கந்தப்பன் கிளம்பும்போது குழந்தைவேலு அவர் பின்னால் போகாமல் டாக்டரிடம் நின்றார். "அம்மா, உதிர்ந்தது மறுபடி முளைக்குமுங்ளா?"

"முளைக்கலாம். இதுவரைக்கும் யாரும் முயற்சி பண்ணலை. வர்றீங்களா?"

"முளைக்கோணும்னு எனக்கொண்ணும் தோணலைங்க. வீட்டுல அது அழுகுது. அதனால கேட்டேன்." யோசித்தார். நான் கதவு திறக்க யோசிப்பேனே, அதே மாதிரி யோசித்தார். "சரி, வர்றேனுங்க."

ஆறாம் அறையில் ஒரு கட்டில், ஒரு வாளி, சுவரில் உயரத்தில் ஜன்னல், மூலையில் காமிரா. பூங்கொடி உள்ளே போய்ப் போர்வையைத் தட்டி விரித்துவிட்டு, இட்லியை ஜன்னல் திண்டில் வைத்தார். "ஆறிப்போச்சு. வேண்டாம்னா வெச்சுருங்க," என்று சொல்லி வெளியே வந்தார். தர்ஷிகா வராந்தாவில் கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து இயற்பியல் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து வாசற்படியில் என்னிடம் நின்றார். கால் உதறிக்கொண்டே இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் காலப் புடிப்பேன். அசிங்கமாப் பேசுவேன். உங்க அம்மாவ இழுப்பேன்."

"இழுங்க."

"சாகப் போறேன்னு சொல்லுவேன்."

"காமிராவுல பார்ப்பேன். நிஜமாச் சாகற மாதிரி இருந்தா டாக்டரைக் கூப்பிடுவேன். இல்லைன்னா இல்லை."

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். மூக்கைத் துடைத்தபடி உள்ளே போனார். கட்டில்வரை போகவில்லை. நடு அறையில் முதுகைக் காட்டி நின்று, சத்தமாக, "பாப்பா," என்றார்.

"இருக்கேன்ப்பா."

அந்தக் கூப்பாட்டில் மாத்திரை எவ்வளவு, மகள் எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவி இருந்தது, நான்காம் அறையில். அதைக் கொண்டுவர யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். சாவியைப் போட்டு, பூட்டின் நாக்கு உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை திருப்பி, பூட்டினேன்.